ஹேமாவும் எங்கள் ஃப்ளாட்டின் கழிவுநீர்த் தொட்டியும்

ஹேமா போய்விட்டாள். இன்று காலை, ஆஸ்பத்திரியில்.

அவள் கணவர் ரவி போனில் சொன்னபோது அம்பத்தூர் எஸ்டேட்டில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன்.  வேறெதுவும் செய்யத் தோன்றாமல் இதை எழுதுகிறேன்...

தெரியாதவர்களுக்காக... நானும் ஹேமாவும் ஒரே தண்ணீர்ப் பரிசோதனை லேபில் வேலை பார்த்தோம். சென்னீர்குப்பத்தில் ஒரே அபார்ட்மென்ட். அவள் ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள், குரல் எப்போதும் கொஞ்சம் சத்தமாகத்தான் இருக்கும்.

கேன்சர் என்று தெரிந்து மாத்திரை ஆரம்பித்த முதல் நாள், அவளே போன் பண்ணினாள்.

"சுமதி, பாத்ரூம் போனா ரெண்டு தடவை ஃப்ளஷ் பண்ணணும்னு நர்ஸ் சொல்றாங்கடி. மருந்து அப்படியே வெளிய வருமாம். ரெண்டு தடவை ஃப்ளஷ் பண்ணா எங்க போகும்? நம்ம டேங்குக்குத்தானே?"

எங்கள் கட்டடத்துக்குச் சொந்தமாகக் கழிவுநீர் சுத்திகரிப்புத் தொட்டி உண்டு. அதில் வரும் தண்ணீர்தான் செடிகளுக்கு. மீதி கால்வாய் வழியாக ஏரிக்கு.

அன்றிலிருந்து அவளுக்கு அந்தத் தொட்டிதான் கவலை. நாங்கள் அவளைப் பற்றிக் கவலைப்பட்டோம், அவள் தொட்டியில் கழிவைத் தின்று தண்ணீரைச் சுத்தம் பண்ணும் கிருமிகளைப் பற்றி.

வீடுகளில் விழுங்குகிற மாத்திரையெல்லாம் அந்தத் தண்ணீரில் துளியூண்டு துளியூண்டாக இருக்கும். அதைத் தின்று மட்டும் கிருமிகள் பிழைக்க முடியாது. வேறு கழிவைத் தின்னும்போது போகிற போக்கில் இதையும் உடைக்கும். அப்படி உடைக்கிற சிலது ரொம்ப மெதுவாக வளரும். அவை வாழ்கிற தொட்டிச் சேற்றை அவசரப்பட்டு வெளியேற்றினால் அவையும் சேர்ந்து போய்விடும். ஹேமா இதை லிஃப்டில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்...

போன வருஷம் பார்ட்டி ஹாலில் ஒரு விசேஷம். நாற்றம் வருகிறது என்று அசோசியேஷனில் யாரோ ஒருவர் ப்ளீச்சிங் பவுடரை மூட்டையோடு தொட்டியில் கொட்டச் சொல்லிவிட்டார்.

மறுநாள் தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் செல்வம் எங்கள் கதவைத் தட்டினார். "மேடம், இன்னாவோ ஆயிட்சு மேடம். நொர நொரயா பொங்கிகினு கீது. சேறெல்லாம் வெளுத்துப் போச்சு."

நான் செருப்பு மாட்டுவதற்குள் ஹேமா கீழே நின்றிருந்தாள். மாஸ்க், தலையில் துண்டு. ரத்தத்தில் வெள்ளை அணு குறைந்திருக்கிறது, கூட்டத்துக்குக்கூடப் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்த நேரம். சாக்கடைத் தொட்டி ஓரத்தில் நிற்கிறாள்!

"மேல போடி! உனக்கு ஏதாவது தொத்திக்கிச்சுன்னா?"

"கிருமியெல்லாம் செத்துப்போச்சுடி... என் மாத்திரை அப்படியே ஏரிக்குப் போகும்டி."

அவளை இழுத்துக்கொண்டு போய் வீட்டில் விட்டேன். பாட்டிலில் சேற்றை எடுத்துக்கொண்டு லேபுக்கு ஓடினேன். மைக்ராஸ்கோப்பில் எதுவுமே அசையவில்லை.

செல்வம் பூந்தமல்லியில் இன்னொரு கட்டடத்துத் தொட்டியிலிருந்து ஒரு லாரி உயிருள்ள சேறு வாங்கி வந்து ஊற்றினார். அப்புறம் காத்திருப்பு. தினமும் பாட்டில், தினமும் ஸ்லைடு. தினமும் ஹேமாவின் மெசேஜ்... "அசையுதா?"

ஒருநாள் அசைந்தது. காம்பில் நிற்கும் குட்டி மணி மாதிரி ஓர் உயிர், சுருங்கிச் சுருங்கி விரிந்தது. வீடியோ எடுத்து அனுப்பினேன்.

உடனே போன். "அசையுதுடி! அசையுது!" அழுதாள். அடுத்த மூச்சிலேயே, "ஆனா மாத்திரையை உடைக்கிறதெல்லாம் இன்னும் லேட்டாதான் வரும். செல்வத்துக்கிட்ட சொல்லு, சேறை எடுக்கவே கூடாது."

"நீங்க சொன்னா சரி மேடம், கையே வெக்க மாட்டேன்," என்றார் செல்வம். ஆனால் சேறு பெருகிக்கொண்டே போகும், கொஞ்சமாவது எடுத்துத்தானே ஆக வேண்டும். பேசிப் பேசி, குறைவாக எடுப்பது என்று முடிவானது.

சில மாதம் கழித்து, தொட்டியிலிருந்து வெளியே வரும் தண்ணீரை டெஸ்ட் பண்ணினோம். காய்ச்சல் மாத்திரை கிட்டத்தட்ட இல்லை. வலி மாத்திரை பாதிக்குக் கீழே. வலிப்பு மாத்திரை மட்டும் வந்தது வந்தபடியே இருந்தது. அது அப்படித்தான், எந்தக் கிருமிக்கும் லேசில் மசியாது.

ஹேமா சாப்பிட்ட மருந்தை அளக்க எங்கள் லேபில் வசதி இல்லை. வெளியே பெரிய லேபுக்கு அனுப்பினேன். ரிசல்ட் போன வாரம் வந்தது. ஆஸ்பத்திரி கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தேன்.

"உடையுதா?"

"ஓரளவு உடையுதுடி."

"ஓரளவுன்னா..." என்று கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். "மீதி எவ்ளோ நாள் தண்ணியில இருக்கும்?" என்றாள்.

தெரியாது என்று சொன்னேன். உண்மையிலேயே தெரியாது.

இன்று மதியம் அவள் வீட்டுக்குப் போனேன். ரவியின் அத்தை பெட்ரூமைச் சுத்தம் பண்ணிக்கொண்டிருந்தார். பாத்ரூம் வாசலில் நின்று மாத்திரை அட்டைகளைப் பிதுக்கிப் பிதுக்கிக் கையில் சேர்த்துக்கொண்டிருந்தார்.

"செத்தவங்க மருந்து ஊட்ல இருக்கக் கூடாதும்மா. தண்ணியில உட்டா போச்சு."

"போடாதீங்க!"

நான் போட்ட சத்தத்தில் ஹாலில் அழுகை நின்றுவிட்டது. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். 

ரவிதான் எழுந்து வந்தார். "அவங்ககிட்ட குடுத்துடுங்க அத்தே. ஹேமா இருந்தா இதைவிடச் சத்தமா கத்தியிருப்பா."

ஒரு கவரில் போட்டு வாங்கிக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் திருப்பிக் கொடுத்தால் மருந்துக் கழிவோடு எரித்துவிடுவார்களாம். கேட்டுவிட்டேன். நாளை அங்கேதான் முதலில் போகிறேன்.

சாயங்காலம் எடுக்கிறார்கள். தெரிந்தவர்கள் வீட்டுக்கே வந்துவிடுங்கள்.

போய் வாடி ஹேமா...