‘முடியாது’ என்று சொல்ல ஒரு வாய்

ஆபீஸ் வாசலில் கால் வைத்தாலே எனக்குக் குமட்டும். போன வருஷம் முழுவதும் அப்படித்தான் கிடந்தேன்.

சுங்கை ஊடாங் என்ற ஊரில், எண்ணெய் ஆலைக்கு ஆள் அனுப்பும் குத்தகை கம்பெனியில் வேலை. யாருக்கு எந்த ஷிப்ட், யாருக்கு நுழைவு பாஸ், எந்த லாரி, எல்லாம் என் தலையில். கூட இருந்தவர்கள் வேலையை விட்டுப் போனபோது அவர்கள் வேலையும் என் மேசைக்கே வந்தது. “வளர் இருந்தா போதும் லா, வேற ஆளே வேணாம்” என்று முதலாளி என்னைக் காட்டி எல்லார் முன்னாலும் சிரிப்பார். எச்சில் இலையில் சோறு போட்ட மாதிரி இருக்கும் அந்தப் பாராட்டு.

வீடு இருக்கும் பாயா ரும்புட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியில், சிக்னலில் கார் கதவைத் திறந்து வாந்தி எடுத்திருக்கிறேன். கையெல்லாம் தடிப்பு. கணவர் சாப்பிட்டாயா என்று கேட்டாலே எரிந்து விழுவேன். கடைசியில் குளியலறையில் மயங்கி விழுந்தேன். டாக்டர் எம்.சி., அதாவது மருத்துவ விடுப்புச் சீட்டு, கொடுத்தார். கையில் மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போதே முதலாளி அழைத்தார்.

“எம்.சி.னா வீட்லதான இருப்ப? லேப்டாப்ப தொறந்து நாளைக்குப் போற ஆளுங்களுக்கு நுழைவு பாஸ் மட்டும் போட்டுரு.”

உடம்பு எப்படி என்று ஒரு வார்த்தை இல்லை. நானும் “சரி பாஸ்” என்றேன். அந்தச் சரியைக் கேட்டு எனக்கே அருவருத்தது.

ஆடி வெள்ளி. கோயிலில் அம்மனுக்குப் பால் அபிஷேகம். கைப்பைக்குள் போன் நடுங்கிக்கொண்டே இருந்தது. தாயின் முகத்தைப் பார்க்காமல் என் கண் கைப்பைக்கே போனது. சீ, என்ன பிழைப்பு இது! அங்கேயே உடைந்து அழுதேன். “தாயே, வேற வேலை கேக்கல. முடியாதுன்னு சொல்ல ஒரு வாய் குடு, போதும்.”

அடுத்த திங்கள் கூட்டம். முதலாளி கோழிக்காலைக் கடித்துக்கொண்டே, “புது சைட்டையும் வளரே பாத்துக்குவா” என்றார். எண்ணெய்க் கையை என் ஃபைலிலேயே துடைத்தார். என்னைக் கேட்காமலே என் வாய் திறந்தது.

“முடியாது பாஸ். ஒரு ஆளு வேலைதான் செய்வேன். ஆறு மணிக்கு மேல போன் எடுக்க மாட்டேன். எம்.சி.னா எம்.சி.தான்.”

“அப்படின்னா வேற வேலை பாத்துக்க!”

“பாத்துக்குறேன் பாஸ்.”

அப்போது கணக்குப் பிரிவில் இருக்கும், எங்களோடு பழகித் தமிழ் புரிந்த மலாய் அக்கா, காக் ரோஸ், எழுந்து நின்றார். இவள் போனால் நானும் போகிறேன் என்று மலாயில் சொன்னார். அவரிடம் நான் எதுவும் கேட்டதே இல்லை. எனக்கு மெய் சிலிர்த்தது. ஒரு வாய் கேட்டேன், அம்மன் இரண்டு கொடுத்தாள்.

முதலாளி எங்கள் இருவரையும் வேலையை விட்டு அனுப்பவில்லை. அந்த மாதமே புது ஆள் எடுத்தார். இன்றும் என்னை “ஆறு மணி மேடம்” என்று இளக்காரமாகத்தான் கூப்பிடுகிறார். கூப்பிடட்டும். நான் ஆறு மணிக்குக் கிளம்பிவிடுகிறேன். தடிப்பு மறைந்தது. சோறு இறங்குகிறது. வெள்ளிக்கிழமை போனை வீட்டில் வைத்துவிட்டு, கணவரோடு கோயிலுக்குப் போகிறேன்.

குமட்டலை விழுங்கிக்கொண்டு வேலைக்குப் போகிற சகோதர சகோதரிகளே, அந்த அம்மனிடம் கேளுங்கள். பிறகு வாயைத் திறங்கள். மற்றதை அவள் பேசுவாள்.