காயில் மாற்றிய வீடுகள்

ரிப்பேர்க்காரன் பிழைப்பு ஒரு கோணல் பிழைப்பு: வேலையை ஒழுங்காகச் செய்தால் அந்த வீட்டு வாசலை மறுபடி மிதிக்க முடியாது. என்னைப்போல் ஸ்க்ரூடிரைவருக்கு வாழ்க்கைப்பட்ட அன்பர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் ராயபுரத்தில் ஓர் எலெக்ட்ரிக் கடையில் இருந்தேன். மின்சார அடுப்பு என்றால் அப்போது வட்டமான வெள்ளைப் பீங்கான் தட்டுதான். அதில் முறுக்குப் பிழிந்ததுபோல் சுற்றிச் சுற்றி ஒரு பள்ளம், பள்ளத்துக்குள் சுருள் கம்பி. அந்தக் கம்பிதான் காயில். பாதி அடுப்புகள், துரைமார்கள் ஊருக்கு மூட்டை கட்டியபோது ஏலத்தில் விட்டுப்போனவை. மீதி, கப்பலில் வேலைக்குப் போன பிள்ளைகள் வாங்கி வந்தவை.

ஒரு கை தண்ணீர்

மகன் கப்பலில் கொண்டுவந்த அடுப்பு ஒரே நாளில் செத்துவிட்டது என்று ஓர் அம்மாள் சொல்லி அனுப்பினார். போய்ப் பார்த்தால் பீங்கானில் விரிசல், காயில் மூன்று துண்டு. சோறு வெந்ததும், விறகை அணைக்கிற மாதிரி தண்ணீர் தெளித்திருக்கிறார்! ஷாக் அடிக்காமல் தப்பியதே பெரிசு. சுவிட்சைக் காட்டி, இதைத் தட்டினால் போதும் என்றேன். அவருக்குத் திருப்தியில்லை.

"நெருப்பு செவசெவன்னு கீது, தண்ணி தெளிக்காம அப்டியே வுட்டுட்டுப் போனா வூடு இன்னாத்துக்கு ஆவறது, நைனா?"

உட்காராத சட்டி

தண்டையார்பேட்டையில் ஒரு குடோன் குமாஸ்தா வீடு. காலையில் ஏற்றிய மீன் குழம்பு மத்தியானம் வரை கொதிக்கவில்லையாம். அடுப்பில் ஒரு குறையும் இல்லை. அடி உருண்ட மண்சட்டி, தட்டையான பீங்கானில் ஒரே இடத்தில் தொட்டுக்கொண்டு ஆடியது. அடி தட்டையாக ஓர் அலுமினியப் பாத்திரம் வாங்குங்கள் என்றேன். வீட்டம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மூணு கல்லு மேல சொம்மா ஜம்முனு குந்துற சட்டி இதுல குந்தலன்னா, குத்தம் சட்டி மேலயா, உன் அடுப்பு மேலயா?"

பிலோமினா டீச்சர் வீடு

டீச்சரும் அவர் அம்மாவும் மட்டும். பால் பொங்கி வழிந்து காயில் அறுந்திருந்தது. கடையில் புதுக் காயில் இல்லை. அறுந்த முனைகளை முறுக்கிச் சேர்த்தேன். சோதித்துப் பார்க்க டீச்சர் அதிலேயே டீ போட்டு எனக்கும் கொடுத்தார். கம்பி ஏன் சிவக்கிறது என்று கேட்டார். அதுவரை என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

முறுக்கிய காயில் பத்து நாள் தாங்கினால் அதிகம். அறுந்தது, போனேன், டீ குடித்தேன். மறுபடியும் அறுந்தது. அந்த நாட்களில் நான் வேறு எதற்காகவும் காத்திருக்கவில்லை. கடைக்குப் புதுக் காயில் வந்ததும் மனசு இரண்டு பக்கமும் இழுத்தது. ஆனாலும் பள்ளிக்கூடம் கிளம்பும் நேரத்தில் அவர் விறகுப் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்பதா? இருந்ததிலேயே தடித்ததாகப் பார்த்துப் போட்டேன். அவர் அம்மாவுக்கு ஒரே சந்தோஷம்.

"கெட்டிக்காரன்பா நீ! இனிமே உன்ன இட்டார வேலையே கெடியாது."

அடுத்த வருஷம்

அப்படியே ஆயிற்று. வேலை இல்லாவிட்டாலும் அந்தத் தெருவழியாகத்தான் சைக்கிளில் போவேன். அவர் மாதா கோயில், நான் அம்மன் கோயில். அவர் டீச்சர், நான் மெக்கானிக். அடுப்பைச் சாக்கு வைக்காமல் கதவைத் தட்ட எனக்குத் தைரியமில்லை. ஒரு வருஷம் கழித்துச் சொல்லி அனுப்பினார்கள். ஓடினேன். அடுப்பு கணகணவென்று நன்றாகவே எரிந்தது. டீச்சருக்கு நாகப்பட்டினத்தில் கல்யாணம். ரயிலில் உடையாதபடி அடுப்பைக் கட்டித்தர வேண்டுமாம். வைக்கோல் சுற்றிச் சாக்கில் வைத்துத் தைத்தேன். அம்மா டீ எடுத்துவர உள்ளே போனதும் டீச்சர் சாக்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"மொதல் வாட்டி மட்டுந்தான் பால் பொங்குச்சி. மத்த ரெண்டு வாட்டியும் பிளக்கைப் புடுங்கிட்டு நான்தான் கரண்டியால காயில இழுத்து வுட்டேன். நீங்க போட்ட புதுசையும் இழுத்து இழுத்துப் பாத்தேன், அறுந்தாத்தானே!"

ராயபுரத்தில் எனக்கு இன்றுவரை கெட்டி வேலைக்காரன் என்றுதான் பேர். அந்தப் பேர் என் விரோதிக்கும் வர வேண்டாம்.