புளியமரம் வெள்ளையான மதியம்

கேமரா வைத்திருப்பவனிடம் ஆளுக்கொரு கதை விடுவார்கள். என்னைப் போல் அடையாள அட்டைக்குப் படம் எடுத்துப் பிழைக்கும் உங்களுக்கும் அது தெரியும். அப்படி ஒரு கதையை நான் எட்டு வருடம் நம்பவில்லை. சொன்னவன் ஆன்டனி, வாலாஜாபாத் கலர் லேபில் வேலை பார்த்த நண்பன். கழுவிய ஃபிலிமின் கறுப்பு நுனியை இரண்டாக மடித்து லென்ஸில் ஒட்டினால், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி மட்டும் நுழையுமாம். பச்சை இலை வெள்ளையாகப் பதியுமாம். ஒட்டிப் பார்த்தேன். படத்தில் ஒன்றும் விழவில்லை. டீக்கடையில் நாலு பேர் எதிரில் அவனைப் புளுகன் என்றேன். அதோடு ஒரகடத்தில் இருக்கும் என் ஸ்டுடியோவுக்கு வருவதை நிறுத்திவிட்டான். ஒருவேளை தப்பு என்னுடையதோ? அது தெரியாமல் எந்த முகத்தோடு அவனைப் பார்ப்பது?

எந்தக் கறுப்பு

போன மாதம் மேஜை டிராயரைக் காலி செய்தபோது ஒரு கலர் ஃபிலிம் நுனி கிடைத்தது. பொட்டில் அறைந்தது போல் இருந்தது. அன்று நான் ஒட்டியது கறுப்பு வெள்ளை ஃபிலிம்! அதில் கறுப்பு என்பது வெள்ளி. எந்த ஒளியையும் விடாது. கலர் ஃபிலிமில் வெறும் சாயம்தான்; அகச்சிவப்பு அதில் புகுந்துவிடும். பழைய சின்ன கேமராவில் ஒட்டி, எதிரே அகச்சிவப்பு உமிழும் டிவி ரிமோட்டை அமுக்கினேன். கேமராவின் திரையில் வெள்ளைப் பொட்டு மின்னியது. கத்திவிட்டேன். ஓடிவந்த என் மனைவி சொன்னாள்: "ரிமோட்ல பேட்டரி இருக்குதுன்றதுக்கா இம்மா கூச்சல்?"

மூன்று கால்

மறுநாள் உச்சி வெயிலில் வடக்குப்பட்டு புளியமரத்தின் எதிரே ஸ்டாண்டை நிறுத்தினேன். ஒரு படத்துக்குப் பத்து விநாடி. இலைகள் பஞ்சுபோல் வெளுத்து, வானம் கறுத்து விழுந்தது. நம் பக்கம் மூன்று கால் ஸ்டாண்டைப் பார்த்தாலே தொழிற்பேட்டைக்கு நிலம் எடுக்க வந்துவிட்டார்கள் என்று அர்த்தம் அல்லவா? பக்கத்து வயல்காரர் மண்வெட்டியோடு வந்துவிட்டார். "இன்னா சார், பிள்ளைப்பாக்கத்த முடிச்சிட்டு இங்க வந்துட்டீங்களா? மரத்த வுட்டுட்டு அளங்க."

பத்து விநாடிப் பதவி

திரும்பும் வழியில் கம்பெனி கேட் செக்யூரிட்டி முனுசாமி தன்னையும் எடுக்கச் சொன்னார். மூச்சடக்கி சல்யூட்டில் நின்றார். அவருடைய கருநீல பாலியெஸ்டர் சட்டையும் இலையைப் போலவே படத்தில் பளிச்சென்று வெள்ளையாக வந்தது. அங்கே வெள்ளைச் சட்டை சூப்பர்வைசர்களுக்கு மட்டும். "பதினாலு வருஷமா கம்பெனி குடுக்காத புரமோஷன பத்து செகண்ட்ல குட்த்துட்டியே தலைவா!"

ஷிப்ட் விடும் நேரம்

ஆன்டனி இப்போது ஒரு கம்பெனியில் பாரம் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். ஷிப்ட் முடிந்து வெளியே வந்தவனை மறித்து, புளியமரத்தின் பிரிண்ட்டை நீட்டினேன். "தப்பு என்னுதுடா. ஃபிலிம மாத்தி ஒட்டிட்டேன்," என்றேன். வாங்கிப் பார்த்தான். இலைகளை விரலால் தடவினான். "மெய்யாலுமே வெள்ளையாத்தான் வருமாடா?" என்றான்.

மன்னிப்புக் கேட்கப் போன நான் கடைசியில் கேட்டது இதைத்தான்: "அடப்பாவி, அப்போ நீ ஒரு தடவகூட எடுத்துப் பார்த்ததில்லையா?"