லிஃப்ட்காரர் கொடுத்த புத்தகம்

வீட்டில் மனுஷர் படுக்க ஒரு கட்டில், மற்ற இடமெல்லாம் புத்தகம் என்று லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவி வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். பொய்யில்லை. ஞானிகளின் வாழ்க்கை, துறவிகளின் உபதேசம், பிரார்த்தனை உரைகள். எல்லாமே பழசு. பாதிக்கு அட்டை கிடையாது, சிலவற்றைக் கரையான் ருசி பார்த்திருக்கும்.

அவர் வேலை பார்ப்பது அடுக்குமாடிக் கட்டடங்களில். பெரியவர்கள் போய்ச் சேர்ந்த வீடுகளில், பிள்ளைகள் முதலில் கீழே இறக்குவது அவர்கள் படித்த புத்தகங்களைத்தான். லிஃப்டில் மூட்டை ஏறும்போதே இவருக்குக் கை பரபரக்கும். "பழைய பேப்பர்காரருக்குத்தான் போடப் போறீங்கன்னா, நான் ஒரு பார்வை பாத்துக்கட்டுமா?" என்று கேட்பார். யாரும் மாட்டேன் என்றதில்லை.

பிரார்த்தனைக் கூடத்தில் அவருக்கு 'லிஃப்ட்காரர்' என்றே பெயர். கூட்டம் முடிந்ததும் நாலு பேர் அவரைச் சூழ்ந்துகொள்வார்கள். ஒருத்தருக்குத் தூக்கம் வரவில்லை, ஒருத்தருக்கு மருமகளோடு ஒத்துப்போகவில்லை. என்ன படிக்கலாம்? அவர் கழுத்தைச் சொறிந்தபடி யோசிப்பார். அடுத்த வாரம் செய்தித்தாளில் சுற்றிய புத்தகம் ஒன்று வந்து சேரும். பெரும்பாலும் அது பொருந்திவிடும். கைராசிக்காரர் என்று பேசிக்கொண்டார்கள். அப்படிச் சொல்லக் கேட்பது அவருக்குப் பிடிக்கும்.

டைப்பிஸ்ட் அக்கா கூடத்துக்கு வந்தது கணவர் இறந்த பிறகு. நீதிமன்றத்தில் தட்டச்சு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கடைசி வரிசையில் உட்கார்ந்து, கூட்டம் முடியுமுன்னே எழுந்து போய்விடுவார். ஒருநாள் தயங்கித் தயங்கி இவரிடம் வந்தார்.

"காரணமே இல்லாம அழுகை வருது. ஏதாவது குடுங்களேன்."

ஒரு துறவி எழுதிய சின்னப் புத்தகத்தை லிஃப்ட்காரர் கொடுத்தார். உடம்பில் வந்த நோயை விருந்தாளியாக நினைத்து, எந்த மருந்தும் தொடாமல், வலிக்குள்ளேயே அமைதி கண்ட கதை. அவர் அதை இரண்டு முறை படித்திருக்கிறார். அழகான எழுத்து. யாரோ ஒரு மகான் எப்போதோ வாழ்ந்த வாழ்க்கை என்றுதான் அவர் படித்தார்.

அக்கா முகம் தெளிந்தது. முன்வரிசைக்கு வந்தார். சிரித்தார். "இந்தப் புத்தகம் என்னைத் தூக்கி நிறுத்திடுச்சு" என்று எல்லோரிடமும் சொன்னார். லிஃப்ட்காரருக்கு மனம் நிறைந்துபோனது.

அப்போதுதான் அக்காவின் மகள் அவரைத் தேடி வேலை நடக்கும் இடத்துக்கே வந்தாள். அவர் கையெல்லாம் கிரீஸ்.

"அங்கிள், அம்மா பிரஷர் மாத்திரையை நிறுத்திட்டாங்க. ரெண்டு மாசமாச்சாம், இப்பதான் கண்டுபிடிச்சேன். கேட்டா உங்க புத்தகத்தைக் காட்டறாங்க. நீங்க சொன்னா கேப்பாங்க."

கையைத் துடைத்துக்கொண்டு அன்றே போனார். அக்கா கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, பக்கத்தில் புத்தகத்தை விரித்து வைத்துத் தட்டிக்கொண்டிருந்தார்.

"முழுசா அடிச்சு முடிச்சிட்டேன். உங்ககிட்ட இருக்கறது ஒரே ஒரு பிரதி. நூறு பேர் படிக்க வேண்டாமா?"

"அக்கா, அது அவரோட வழி. எல்லாருக்குமான வழி இல்ல."

"அப்ப எனக்கு எதுக்குக் குடுத்தீங்க?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

லிஃப்ட்காரர் வீட்டுக்கு வந்து அடுக்கு அடுக்காகக் கலைத்தார். அந்தத் துறவியின் சீடர் எழுதிய நினைவுப் புத்தகம் எங்கோ இருந்தது. கடைசிக் காலத்தில் துறவி வைத்தியரைக் கூப்பிட்டுக் கசாயம் வாங்கிக் குடித்ததாக அதில் வரும். மனைவி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மருந்துக் கடையிலகூட டாக்டர் சீட்டைக் கேட்டுட்டுத்தான் குடுக்கறான். நீங்க என்ன ஏதுன்னு கேட்டீங்களா?"

அவர் தேடிக்கொண்டே இருந்தார். கட்டிலுக்கடியில் அகப்பட்டது. ஓடிப்போய்க் கொடுத்தார். அக்கா ஒரு வரி விடாமல் படித்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"சீடருக்குக் குருவைப் புரியல. குரு தானே எழுதினதைத்தான் நம்பணும், சீடர்கள் எழுதறதுல அவங்க சொந்தச் சரக்கும் கலந்திருக்கும்னு நீங்கதானே கூட்டத்துல சொன்னீங்க."

அவர்தான் சொன்னார். ஒரு தடவையா, பத்துத் தடவை சொல்லியிருப்பார்.

கூடத்தை நடத்தும் பெரியவரிடம் போய் முறையிட்டார். "நம்பிக்கை விஷயம். நாம எப்படி உள்ள புகுந்து தடுக்கறது?" என்று அவர் கையை விரித்தார்.

ஒரு மாதம் போயிருக்காது. குளியலறையில் விழுந்தார் அக்கா. வலது பக்கம் முழுதும் செயலிழந்தது, பேச்சு குழறியது. மருத்துவமனையில் லிஃப்ட்காரரைக் கண்டதும் இடது கையைத் தூக்கி, சிரிக்கப் பார்த்தார். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது.

மகள் திட்டுவாள், கேட்டுக்கொள்ளலாம் என்றுதான் போயிருந்தார். அவள் திட்டவில்லை. வராந்தாவில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"உங்களைக் குறை சொல்ல மாட்டேன் அங்கிள். அப்பா போனதுக்கப்புறம் அம்மா சந்தோஷமா இருந்தது அந்த மூணு மாசம்தான்."

திட்டியிருந்தால் தேவலை என்று பட்டது அவருக்கு.

அதற்குப் பிறகு அவர் யாருக்கும் புத்தகம் கொடுப்பதில்லை. கேட்டால், "எனக்கென்னங்க தெரியும்" என்று நழுவுவார். அதையும் அடக்கம் என்று எடுத்துக்கொண்டு மேலும் கொண்டாடினார்கள். அக்கா படுக்கையிலும் முகம் சுளிக்காமல் இருக்கிறார், எல்லாம் அந்தப் புத்தகம் தந்த பலம் என்று பேச்சு பரவியிருந்தது. விழுவதற்கு முன்பே அக்கா தட்டச்சுப் பிரதியைச் சிலருக்கு அனுப்பியிருக்கிறார். ஒரு காலையில் அது கூடத்தின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. மேலே ஒரு வரி: 'நம் லிஃப்ட்காரர் பரிந்துரைத்தது. அனைவரும் படித்துப் பயன்பெறுக.'

அவர் உடனே அடித்தார்: 'மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம்.' வரிசையாகக் கும்பிடும் கைகள் வந்து விழுந்தன. ஒருவர் மட்டும் எழுதினார்: 'நம்பிக்கைக்கு வந்த சோதனை ஐயா இது.'

நோயாளிகள் என்று தெரிந்தவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்தார். சிலர் எடுக்கவில்லை. சர்க்கரை வியாதிக்காரரான தையல்காரர் எடுத்தார்.

"பாதி படிச்சிட்டேன் அண்ணே. என்னமா எழுதியிருக்காரு."

"மாத்திரை ஒழுங்கா போடறீங்கல்ல?"

அந்தப் பக்கம் தையல் மெஷின் ஓடத் தொடங்கியது.

"முழுசா படிச்சிட்டு வந்து பேசறேன் அண்ணே," என்றார் தையல்காரர், மரியாதையாக.