வடமுனைக்குப் போய் வந்த கேரியர்

நாங்கள் புலம்பெயர்ந்து வந்த பாபகூராவில், எங்கள் குசினியின் மேல்தட்டில் மூன்றடுக்கு எவர்சில்வர் கேரியர் ஒன்று இருக்கிறது. வருடத்தில் ஒருநாள் மட்டும்தான் அதை இறக்குவேன். என் கணவரின் அக்கா, எனக்கு மச்சாள், அதை நிறையச் சோறும் கறியுமாக வடமுனைவரை கொண்டுபோய், அப்படியே திருப்பிக் கொண்டுவந்தார்.

மச்சாளின் கணவர், ஊரில் யுத்தத்தின் கடைசி நாட்களில் ராணுவத்தால் ஒரு பஸ்ஸில் ஏற்றப்பட்டவர். அதன்பிறகு தகவலே இல்லை. உயிரோடு இருக்கிறாரா என்று தெரியாதவருக்கு அந்தியேட்டிச் சடங்கு செய்யமாட்டேன் என்று மச்சாள் ஒரே பிடியாக நின்றார். பென்ரோஸில் கிடங்கு வேலைக்கும் குங்குமப்பொட்டோடுதான் போவார். சனத்துக்குக் கதைக்க அது போதாதா? கூட வேலைசெய்த மாவோரிப் பெண்மணிதான், இறந்தவர்களின் ஆவி இந்த நாட்டின் வடகோடியில் இருக்கிற ரெயிங்கா முனைக்குப் போய்க் கடலில் இறங்கும் என்று அவரிடம் சொன்னவர். ஒருநாள் திடீரென்று மச்சாள், "என்னை அங்க கூட்டிக்கொண்டு போறீரோ? அவருக்குப் படைச்சுப்போட்டு வருவம். இனியும் என்னால ஏலாது" என்றார்.

விடியமுதல் வெளிக்கிட்டோம். கைத்தாயா தாண்டியதும் நெடுஞ்சாலையோரத்தில் வீடுகள் குறைந்துகொண்டே போயின. புதர்க்காடு, மணல்மேடு, திடீரென்று கடல். பார்க்கப் பார்க்க அழகுதான். ஆனாலும் எனக்குப் பயமாக இருந்தது. மச்சாள் கேரியரை மடியில் வைத்தபடி, ஒவ்வொரு வளைவிலும் வெறும் பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தார். அவருடைய கணவருக்குப் பிடித்த கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பின் மணம் கார் முழுக்க நின்றது.

முனையின் வாசலில் ஒரு பலகை. இது புனித இடம், இங்கே உணவு உண்ணாதீர்கள் என்று எழுதியிருந்தது. செத்தவரைச் சோறு படைக்காமல் அனுப்பி அறியாதவர்கள் நாங்கள். தயங்கித் தயங்கி வாசித்துச் சொன்னேன். மச்சாள் கடலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, எத்தனையோ வருடத்துக்குப் பிறகு, அவர் முகம் தெளிந்தது.

"அப்ப அவர் இந்த வழியால போகேல்லை. பசியோட போற ஆள் இல்லை அவர்."

வீடு வந்து கறியைச் சுடவைத்து, மறுபடி கேரியரில் போட்டு மூடினார். "வந்தா சாப்பிடட்டும்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

இப்போது மச்சாளும் இல்லை. பெட்டி மூடுமுன் பொட்டு வைக்கலாமா என்று உறவுக்காரர் குசுகுசுத்தபோது, நானே போய்க் குங்குமம் வைத்தேன். அவருடைய திதியன்று கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு வைத்தேன். "அத்தானுக்கும் ஒரு இலை போடுவமோ?" என்று என் கணவர் கேட்டார்.

"வேண்டாம். மச்சாள் கோவிப்பா."

இலையில் போட்டது மச்சாளுக்கு. அத்தானின் பங்கைச் சூட்டோடு கேரியரில் போட்டு மூடிவைத்தேன்.