துறையூரை எழுதியவன் நான்தான்

போன செவ்வாய்க்கிழமை அட்டனில் ஒரு விசாரணை. தப்புச் செய்தவன் நான். பதில் சொல்ல நின்றவள் சிவகாமி.

சிவகாமி றொசல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். பிறந்தது அங்கே, கல்யாணம் அங்கே, மூன்று பிள்ளைகளும் அதே லயத்து வரிசை வீட்டில். இலங்கைப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பம் போட்டாள். படிவத்தை நிரப்பியது யார்? கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று தன்னைத் தானே மெச்சிக்கொள்ளும் அடியேன்.

'நிரந்தர இருப்பிடம்' என்று ஒரு கேள்வி. "ஊரு எதும்மா?" என்றேன். "துறையூருங்க" என்றாள். அப்படியே எழுதிவிட்டேன். நம் ஆட்களிடம் யார் ஊர் கேட்டாலும் பாட்டன் இந்தியாவில் விட்டுக் கப்பலேறிய ஊரைத்தானே சொல்வோம்... அந்த மண்ணை மிதித்திருக்க வேண்டும் என்று கட்டாயமா என்ன?

வந்தது நோட்டீஸ். நிரந்தர வீடு இந்தியாவில் இருப்பதால் விண்ணப்பத்தைத் தள்ளிவிட உத்தேசம். மறுப்பு இருந்தால் நேரில் வந்து சொல்லலாம்.

"அண்ணே, எம் பிள்ளைங்களையும் சேத்துல்ல கப்பலேத்திட்டீங்க" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குத்தான் அன்று சோறு இறங்கவில்லை.

ஆனாலும் நோட்டீஸின் கடைசி வரியைக் கவனித்தீர்களா? ஒருவரைக் கேட்காமல் தள்ளக் கூடாது என்று சட்டத்துக்கே தெரிந்திருக்கிறது. அது போதாதா நமக்கு?

இரண்டு நாள் உட்கார்ந்து இங்கிலீஷில் நான்கு பக்கப் பிரசங்கம் தயாரித்தேன். விசாரணையில் எழுந்து நின்று தொண்டையைக் கனைத்தேன்.

"நீர் வக்கீலா?" என்றார் அதிகாரி.

"இல்லை."

"அப்படியானால் உட்காரும்."

பிரசங்கம் முடிந்தது.

சிவகாமி பேசினாள். "துறையூரு எந்தப் பக்கம்னே எனக்குத் தெரியாதுங்க. அது பாட்டன் ஊரு. தோட்டத்துல வேலைக்குப் பேர் பதியிற செக்ரோல் அந்தா மேசையில இருக்கு. எம் பேரு இல்லாத மாசம் ஒண்ணு காட்டுங்க." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "ஐயாவுக்கு எந்த ஊருங்க?" என்றாள்.

மொழிபெயர்ப்பாளர் விழித்தார். அதை எப்படிச் சிங்களத்தில் சொல்வது? தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"மாத்தறை" என்றார் அதிகாரி.

"அங்கதான் பொறந்தீங்களா?"

"இல்லை... அது அப்பாவின் ஊர். நான் கண்டியில்."

"எனக்கும் அதே கததாங்க. என்னய மட்டும் ஏன் தள்ளுறீங்க?"

கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல். எல்லாரையும் ஒரே கோலால் அள — அரசியல் சட்டம் சொல்ல வேண்டியது இவ்வளவுதானே? இதற்குப் போய் நான்கு பக்கம், அதுவும் இங்கிலீஷில்!

அதிகாரி செக்ரோலை நிதானமாகப் புரட்டினார். பிறகு சிவகாமி சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டு, தள்ளும் உத்தேசத்தைத் தள்ளிவிட்டார். விண்ணப்பம் ஏற்கப்பட்டது.

திரும்பும் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் சிநேகமாக, "எந்த ஊருங்க?" என்றார்.

"றொசல்ல" என்றாள் சிவகாமி, சட்டென்று.

"புதுக்கோட்டைப் பக்கம்" என்றேன் நான்.

என்னுடைய படிவமும் அதே அதிகாரியின் மேசையில்தான் இருக்கிறது — அதே முத்து முத்தான கையெழுத்தில்.