கருத்தரங்கில் பேசிய பாஞ்சாலி

பாஞ்சாலியை நீலசந்திராவில் தெரியாதவர்கள் குறைவு. தொம்மலூரில் ஓர் ஆபீஸைக் கூட்டிப் பெருக்கியே, புருஷன் துணையில்லாமல் ஒரே மகள் ரூபினியை வளர்த்தவள். தொண்ணூற்றெட்டில் ஓர் ஏஜென்ட் வந்தான். வளைகுடாவில் ஆஸ்பத்திரி வேலை என்று பெண்ணை அழைத்துப்போனான். போய் இறங்கியதும் பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு யார் வீட்டிலோ வேலைக்குத் தள்ளிவிட்டார்கள். ஒருமுறை போனில் அழுதாள். அப்புறம் பேச்சு மூச்சில்லை.

நான் ஐரின். ரிச்சர்ட்ஸ் டவுனில் இங்கிலீஷ் டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவள். எல்லை தாண்டி ஆள் கடத்தும் கும்பல்களைப் பிடிக்க நாடுகள் ஒன்றுசேர வேண்டும் என்று வெளிநாட்டு அரசாங்கம் ஒன்று இங்கே ஒரு டிரஸ்டுக்கு மானியம் கொடுத்தது. அவர்களும் வருஷா வருஷம் பெரிய ஹோட்டலில் கருத்தரங்கு நடத்தினார்கள். பல நாட்டு அதிகாரிகள் வந்து உட்காருவார்கள். பாஞ்சாலி மேடையேறித் தன் கதையைச் சொல்வாள், நான் இங்கிலீஷில் சொல்வேன். எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். உடனே சாப்பாட்டுக்கு எழுந்துவிடுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"உனக்குச் சலிக்கவே இல்லையாம்மா?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"சலிக்காம இன்னா மிஸ்? சொல்லிச் சொல்லி என் கதையே யார் கதையோ மாதிரி ஆயிடுச்சி. ஆனா அந்தந்த ஊரு போலீசு வர்றாங்கல்ல, யாராச்சும் ஒருத்தர் காதுல விழாதா?"

யார் காதிலும் விழவில்லை. கடைசியில் ரூபினியே அந்த வீட்டிலிருந்து தப்பித்தாள். நம்மூர்க்காரர்கள் சிலர் அவளைச் சேர்த்துக்கொண்டு, ஊர் திரும்பத் தேவையான பேப்பர்களையும் சரிசெய்து கொடுத்தார்கள். டிக்கெட் மட்டும்தான் பாக்கி. அந்தப் பேப்பர் மாதக் கடைசி வரைதான் செல்லும், அதற்குள் கிளம்பாவிட்டால் பிடித்து உள்ளே போட்டுவிடுவார்கள் என்று போனில் சொன்னாள். என்னிடம் இருந்ததையும் பாஞ்சாலி வட்டிக்கு வாங்கியதையும் சேர்த்துப் பார்த்தோம். பாதிகூடத் தேறவில்லை. இரண்டு பேரும் டிரஸ்டுக்கு ஓடினோம்.

அங்கே நிர்வாகம் பார்த்த நோயல் என்னிடம் படித்தவன். கெட்ட பிள்ளை இல்லை. முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டான்.

"மிஸ், இந்தப் பணம் டிரெயினிங்குக்கும் கருத்தரங்குக்கும் மட்டும்தான். பாதிக்கப்பட்டவங்களுக்கு டிக்கெட் எடுக்க அதுல வழியே இல்ல. ஸ்பெஷலா கேட்டு எழுதியிருக்கேன், இன்னும் பதில் வரல."

"நல்லா இருக்குடா உங்க மானியம்!" என்று கத்திவிட்டு வந்தேன். வேறென்ன செய்ய?

அதே மாதம் கருத்தரங்கு வந்தது. ரூபினி இருக்கும் அந்த ஊரிலிருந்தே ஓர் அதிகாரி வந்திருந்தார். போக, வர டிக்கெட் டிரஸ்டுடையது. பாஞ்சாலி வழக்கம்போலப் பேசி முடித்தாள். டீ நேரத்தில் நோயல் அவரை எங்களிடம் அழைத்து வந்தான். மனிதர் நெஞ்சில் கைவைத்து, உண்மையாகவே வருத்தப்பட்டார்.

பாஞ்சாலி என் பக்கம் திரும்பினாள். "மிஸ், அவரு வந்த பிளேன்ல பக்கத்து சீட்ல யாராச்சும் இருந்தாங்களான்னு கேளுங்க."

கேட்டேன். பிரயாணம் சுகமா என்று விசாரிக்கிறாள் என நினைத்துவிட்டார் போல. சிரித்துக்கொண்டே, காலியாகத்தான் இருந்தது, வழி முழுக்க நன்றாகத் தூங்கினேன் என்றார். அதை அப்படியே தமிழில் சொன்னேன்.

பாஞ்சாலி கோபப்படவில்லை, அழவும் இல்லை. களைத்துப்போன குரலில் சொன்னாள்: "என் பொண்ணு அந்த ஊர்லதான் பையக் கட்டி வெச்சுக்கினு ஒக்காந்துனு இருக்கா சார். அந்த சீட்ல அவள ஒக்கார வெச்சுக் கூட்டினு வந்திருக்கலாமே."

"மிஸ், வேணாம்" என்று நோயல் என் கையைப் பிடித்தான். உதறிவிட்டு, ஒரு சொல் விடாமல் இங்கிலீஷில் சொன்னேன். அதிகாரி கையிலிருந்த கோப்பையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பாஞ்சாலி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தமிழில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.